அரை அங்குலமும் பன்னிரண்டு மில்லியும்

லேண்ட்ரோவரின் ஹெட்டைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ராக்கர் ஷாஃப்ட்டைத் தூக்கி, புஷ் ராடுகளை வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வைத்துவிட்டு, போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டு வந்தால் போதும். பழைய 2286 சிசி பெட்ரோல் எஞ்சினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. இரண்டு பேர் பிடித்தால் இறங்கிவிடும். ஒட்டிக்கிடக்கும் கேஸ்கெட்டைச் சுரண்டிப் போட்டுவிட்டுப் புதியதை வைத்து மூடுவது கணக்குப்படி ஒரு பகல் வேலை. திரிங்காப்பில் அது ஒரு பகலில் முடிந்து நான் பார்த்ததில்லை. தாமதம் கேஸ்கெட்டால் வருவதில்லை. போல்ட் இறங்குகிற துளைகளால் வருகிறது.

கேமரன் மலை என்றதும் எல்லாருக்கும் நாட்காட்டித் தேயிலைச் சரிவுதான் நினைவுக்கு வரும். திரிங்காப் அப்படி இருக்காது. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகிற சாலையில், கியா பாமைத் தாண்டி, கோல தெர்லாவுக்கு முன்னால் வருகிற சிறு பட்டணம் அது. சுங்கை பாலாஸ் தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம், புளூ வேலி தோட்டம் வடக்கே. இங்கே கண்ணில் படுவதெல்லாம் மரக்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரை. கோஸ், தக்காளி, சலாட், பூ என்று சரிவு முழுக்க மூடிக்கிடக்கும் வெள்ளைக் கூரைகளுக்கு இடையே செம்மண் தடங்கள் செங்குத்தாக ஏறுகின்றன. அந்தத் தடங்கள்தான் லேண்ட்ரோவர்களின் உலகம். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை பழைய லேண்ட்ரோவர்கள் இத்தனை எண்ணிக்கையில் அன்றாடக் கூலி வேலைக்கு ஓடுகிற இன்னொரு மலையை நான் அறியேன். ஆசைக்காக வாங்கி மெழுகு பூசி நிறுத்தியவை அல்ல. கதவு இல்லாதவை, முன்கண்ணாடி இல்லாதவை, ஓட்டுநர் இருக்கைக்குப் பதில் கோஸ் கூடையைக் கவிழ்த்துப் போட்டவை. பிரிட்டிஷ் இராணுவம் விட்டுப்போனவையும் ஏலத்தில் வந்தவையும் அவற்றில் உண்டு என்பார்கள். பச்சைப் பெயின்டைச் சுரண்டினால் அடியில் இன்னொரு பச்சை இருக்கும்.

இவை சாகாமல் இருப்பதற்குக் காரணம் அவற்றின் பிறப்பிலேயே இருக்கிறது. 1948 ஏப்ரல் கடைசியில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட்ரோவர் காட்டப்பட்டபோது பிரிட்டனில் எஃகுக்குப் பஞ்சம். போருக்குப் பின் எஃகு ரேஷனில் கிடைத்தது. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். ஏற்றுமதிக்காக அவசரமாகச் செய்த அந்தச் சமாளிப்பு, வருடம் முழுக்க மழையும் பனியும் ஊறுகிற இந்த மலைக்கென்றே செய்தது போல் ஆகிவிட்டது. எஃகு உடம்பு என்றால் இங்கே சில ஆண்டுகளில் ஓட்டை விழுந்து இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அலுமினியம் துருப்பிடிப்பதில்லை. அடியில் இருக்கிற சட்டம் துருப்பிடிக்கும். அதை வெல்டிங் வைத்து ஓட்டிக்கொள்கிறார்கள். உடம்பு சாகாததால் எஞ்சினுக்கும் ஓய்வு இல்லை. தொழிற்சாலையில் ஒரு முறை இறுக்கி, ஆயுளில் ஒரு முறையோ இரண்டு முறையோ திறக்கலாம் என்று எண்ணிச் செய்த பிளாக்கை இங்கே தலைமுறைக்கொரு பட்டறை திறந்து மூடியிருக்கிறது.

இன்னொரு காரணம் நிலம். கேமரன் மலையின் மரக்கறித் தோட்டங்களில் பெரும்பகுதி நெடுங்காலம் தற்காலிக உரிமத்தில் நடந்தவை, டி.ஓ.எல். என்று எல்லா மொழிக்காரர்களும் சொல்லும் காகிதம். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த உரிமம் டிசம்பர் 31-ஐத் தாண்டாது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அப்பா, மகன், பேரன் என்று ஒரே சரிவில் மூன்று தலைமுறை உழைத்தவனுக்கும் கையில் இருந்தது வருடக் கடைசி வரைக்குமான அனுமதிதான். அப்படிப்பட்ட நிலத்துக்கு யார் புதுக் காடி வாங்குவார்கள்? இருக்கிறதை ஓட்டு, உடைந்தால் ஒட்டு. இந்த மலையின் ஒட்டுவேலைக் கலாச்சாரத்தைச் சிக்கனம் என்றோ சாமர்த்தியம் என்றோ புகழ்கிறவர்கள் அந்தக் காகிதத்தையும் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

கேஸ்கெட் போவதற்கு இங்கே தனிக் காரணம் தேட வேண்டாம். ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிற வரைக்கும் கவலை இல்லை. ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்குக் குறையாமல் உயரும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் மலை தன் வேலையைக் காட்டும். கோஸ் மூட்டையை ஏற்றிக்கொண்டு, லோ ரேஞ்சில் முதல் கியரில், காற்றே படாத வேகத்தில் ஏறுகிற காடிக்கு அந்த நான்கு டிகிரி பெரிய விஷயம். குறைந்த தண்ணீருக்கு ஈடாக ஓடையில் மொண்டு ஊற்றுவார்கள். ஓடை நீரில் மேல் தோட்டத்திலிருந்து கழுவி வந்த மண் இருக்கும். அது பிளாக்கின் பின்மூலையில் தங்கிச் சேறாகி, சேறு கல்லாகி, கடைசி சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் போவதே நின்றுவிடும். பிறகு ஒருநாள் ரேடியேட்டரில் குமிழி, ஆயிலில் பால் நிறம், புகைக்குழலில் வெள்ளை ஆவி.

நான் பார்த்துக்கொண்டிருந்த காடி ஒரு சீரீஸ் த்ரீ. சொந்தக்காரர் ஒரு சீனத் தவுக்கே, முதலாளி. கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்கு அன்றிரவு லோரி போக வேண்டும். லோரி நிற்கிற சாலை வரைக்கும் மரக்கறியை இறக்கிக் கொடுக்க அவருக்கு இந்தக் காடியை விட்டால் ஆள் இல்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்: “மாலம் நி பொலே?” பட்டறைக்காரர் நிமிரவில்லை. “பேசோக்” என்றார். இரவு, நாளை என்ற இந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு மணி நேரம் பேரம் நடந்தது.

பட்டறை வைத்திருப்பவரை எல்லா இனத்தாரும் போமன் என்றே கூப்பிடுகிறார்கள். தோட்டத்தில் பிறந்தவர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பக்கம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. 1929-இல் போ தோட்டமும் அதன் பின்னால் மற்றத் தோட்டங்களும் இந்த மலையில் எழுந்தபோது தேயிலையோடு சேர்ந்து எஞ்சின்களும் வந்தன. தாப்பாவிலிருந்து சாலை 1931-இல் எட்டியது. இலை பறிக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டக்கம்பும் கூடையும் தவிர வேறு ஒரு தொழிலைக் காட்டிய இடம் தோட்டத்துப் பட்டறைதான். பெரட்டுக்கு நிற்க வேண்டாம், மழையில் நனைய வேண்டாம், துரையின் காடியைத் தொடலாம். பள்ளிக்கூடம் தராத ஒன்றை அது தந்தது. மலேசியத் தமிழர் வரலாற்றில் கங்காணிக்கும் கிராணிக்கும் கிடைத்த பக்கங்களில் நாலில் ஒரு பங்கு இந்தப் பட்டறைக்காரர்களுக்குக் கிடைத்திருந்தால் நமக்கு வேறொரு வரலாறு கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பால்மரத் தோட்டம், செம்பனை ஆலை, இரயில்வே, பொதுப்பணித் துறை என்று எங்கு பார்த்தாலும் அழுக்குக் கையோடு ஒரு தமிழர் இருந்திருக்கிறார்.

ஹெட் இறங்கியதும் அவர் கேஸ்கெட்டைப் பார்க்கவில்லை. துளைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் விட்டு, பிரஷ்ஷால் குடைந்து, காற்றடித்துக் காய வைத்தார். அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தங்கியிருந்தால் அதன்மேல் போல்ட்டை முறுக்கக் கூடாது. திரவம் சுருங்காது, ஒதுங்க இடமும் இல்லை, வார்ப்பிரும்பு விரிந்துவிடும். நல்ல பிளாக்குகள் இப்படி வெடித்ததுண்டு. பிறகு சுத்தமான புது போல்ட் ஒன்றை எடுத்து ஒவ்வொரு துளையிலும் விரலால் மட்டும் இறக்கிப் பார்த்தார். பாதி இறங்கியதும் நிறுத்தி, தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுவார். அசையாவிட்டால் அடுத்தது. ஒரே ஒரு துளையில் ஆடியது. பின்பக்கம், மூன்றாவது நான்காவது சிலிண்டருக்கு நடுவில்.

அந்தத் துளையிலிருந்து வந்த பழைய போல்ட்டைத் தட்டில் தேடி எடுத்தார். தலையில் 8.8 என்று பொறித்திருந்தது. மெட்ரிக் போல்ட்.

இங்கேதான் இந்தத் தொழிலின் மிக நுட்பமான கெடுதல் ஒளிந்திருக்கிறது. லேண்ட்ரோவரின் ஹெட் போல்ட் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. யூஎன்எஃப் என்ற வகை. மில்லிமீட்டரில் சொன்னால் 12.7 பருமன், மரைக்கு மரை 1.27 இடைவெளி. ஜப்பான் லோரிகளில் சர்வசாதாரணமாகக் கிடைக்கிற 12 மில்லி நுண்மரை போல்ட்டின் இடைவெளி 1.25. வித்தியாசம் ஒரு மில்லியின் ஐம்பதில் ஒரு பங்கு. பருமன் முக்கால் மில்லி போலக் குறைவு. ஆகவே பன்னிரண்டு மில்லி போல்ட் அரை அங்குலத் துளைக்குள் தடையே இல்லாமல் இறங்கிவிடும். போதாததற்கு அரை அங்குல போல்ட்டின் தலை முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லி. பன்னிரண்டு மில்லி போல்ட்டின் வழக்கமான தலை 19 மில்லி. ஒரே ஸ்பேனர் இரண்டுக்கும் உட்காரும். கண்ணும் ஏமாறும், விரலும் ஏமாறும், ஸ்பேனரும் காட்டிக்கொடுக்காது. ஆனால் மரையின் பல்லோடு பல் சேர்கிற ஆழம் இருக்க வேண்டியதில் பாதிகூட இருக்காது. நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். முறுக்கினால் இறுகவும் செய்யும். எஞ்சின் சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, நுனிப் பிடியில் இருந்த வார்ப்பிரும்பு பொடிப்பொடியாக உதிரும்.

முற்றிலும் பொருந்தாத போல்ட் ஒருநாளும் இந்தத் தீங்கைச் செய்யாது. அரை அங்குலத்திலேயே பழைய பிரிட்டிஷ் நுண்மரைக்கு அங்குலத்துக்கு 16 மரை. அதை இந்தத் துளையில் வைத்தால் இரண்டு சுற்றுக்குள் சிக்கி நின்றுவிடும், போடுகிறவன் வைதுகொண்டே எடுத்துவிடுவான்.

எத்தனை வகை மரை என்று மலைப்பாக இருக்கும். இங்கிலாந்தில் 1841-க்கு முன் பட்டறைக்கு ஒரு மரை இருந்தது. ஜோசப் விட்வொர்த் நாடெங்கும் பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அவற்றை அளந்து, எல்லாருக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கிற ஓர் அளவைப் பொதுவாக முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. ஓர் அறிஞர் அறையில் உட்கார்ந்து நினைத்த எண் அல்ல அது, பல நூறு கைகளின் பழக்கத்திலிருந்து எடுத்த சராசரி. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 டிகிரியை முன்வைத்தார்; அளக்கவும் வெட்டவும் எளிது என்பது அவர் வாதம். இரண்டும் இரண்டு பக்கமாக வளர்ந்து, இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் கழுத்தைப் பிடித்தன. ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் செய்ய ஒப்புக்கொண்ட பேக்கார்டு நிறுவனம் அதன் பிரிட்டிஷ் மரைகளை வெட்டுவதற்கான கருவிகளையே தானே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. போர் முடிந்து, 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் கூடி ஒரே மரைக்குக் கையெழுத்திட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் லேண்ட்ரோவர் பிறந்துவிட்டது. ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. அந்தக் காடிகள் இந்தக் காடுகளுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒப்பந்தத்துக்கு முன்பே பிறந்ததால் முதல் லேண்ட்ரோவர்களில் பிரிட்டிஷ் மரை, பின்னால் வந்தவற்றில் ஒப்பந்த மரை, சில மூலைகளில் பழையதும் புதியதும் கலந்து. அதன்மேல் எழுபதுகளுக்குப் பின் ஜப்பான் காடிகளோடு வந்த மெட்ரிக். போமனின் இழுப்பறையில் மூன்று பேரரசுகளின் போல்ட்டுகள் ஒரே மில்க்மெய்ட் டின்னில் கிடந்தன. ஆடிய துளையிலிருந்து வந்த போல்ட்டும் அப்படி ஏதோ ஒரு டின்னிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும்.

தவுக்கே கேட்ட கேள்வி நியாயமானது. ஆடினால் என்ன, அசல் அரை அங்குல போல்ட்டைப் போட்டால் பிடித்துக்கொள்ளாதா? கொஞ்சம் மரை இருக்கிறதே.

போமன் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, மரை போயிருந்தா பிரச்சினை இல்ல. கொஞ்சம் இருக்கு பாருங்க, அதான் பிரச்சினை.”

அந்தக் கொஞ்சத்தின் கெட்டிக்காரத்தனத்தை விளக்க வேண்டும். இந்த எஞ்சினின் அரை அங்குல ஹெட் போல்ட்டுக்கு கைப்புத்தகம் சொல்லும் முறுக்கு 65 பவுண்டு அடி. டார்க் ரெஞ்சை வைத்து இழுத்தால் அந்த அளவில் க்ளிக் என்று சொல்லும். ஆனால் நாம் போடுகிற முறுக்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகப் போகிறது. ஐந்தில் இரண்டு பங்கு மரைகளுக்குள் உராய்வாகப் போகிறது. மிஞ்சும் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து நீட்டி, ஹெட்டை பிளாக்கோடு சேர்த்து அழுத்துகிறது. கேஸ்கெட்டுக்கு வேண்டியது அந்தப் பத்தில் ஒன்று மட்டுமே. துருவும் பொடியும் நிறைந்த, பல் மழுங்கிய துளையில் உராய்வு அதிகம். ரெஞ்ச் 65 என்று க்ளிக் செய்யும், பிடியோ பாதிகூட இருக்காது. அளவுக் கருவியே பொய்ச்சாட்சி சொல்கிற இடம் இது. எண்ணெய் பூசிய போல்ட்டில் இதற்கு நேர்மாறு, க்ளிக் கேட்பதற்கு முன்பே இழுவை மிஞ்சிவிடும். கருவியை வைத்திருப்பவன் துளையை அறிந்திருந்தால் மட்டுமே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இதைப் படித்த பொறியாளர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். ஆனால் துளைக்குள் போல்ட்டை விட்டு ஆட்டிப் பார்த்தபின் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

முழுதாக மரை போன துளை சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது, உண்மையை அங்கேயே சொல்லிவிடும். மீதி மரை உள்ள துளை அன்றைக்கு இறுகும். தவுக்கே காசு கொடுத்துவிட்டுப் போவார். மூன்றாம் மாதம் தாப்பா சாலையில் ஏதோ ஒரு வளைவில் நிற்பார்.

நேரத்தை மிச்சப்படுத்தும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். செப்புக் கம்பி இழையைத் துளைக்குள் விட்டு அதன்மேல் போல்ட்டை முறுக்குவது ஒன்று. இரண்டு குழாய் கலந்து பூசுகிற இரும்புப் பசை இன்னொன்று. சைலன்சருக்கு ஆகும், எரிந்த வாயுவின் அழுத்தம் தூக்குகிற ஹெட்டுக்கு ஆகாது. துளையைப் பெரிதாக்கி ஒரு சுற்று பெரிய போல்ட் போடலாம். அப்படியானால் ஹெட்டின் துளையையும் குடைய வேண்டும், அடுத்து வருகிறவனுக்கு அந்த ஒரு போல்ட் மட்டும் எங்கும் கிடைக்காது. இவற்றில் நியாயமான குறுக்குவழி ஒன்று உண்டு: அடியில் போல்ட் இதுவரை எட்டாத நல்ல மரை மிச்சமிருந்தால் நீளமான போல்ட் போட்டு அதைப் பிடிப்பது. அதைத்தான் போமன் முதலில் பார்த்தார். மெல்லிய கம்பியை விட்டு ஆழம் அளந்தார். அடியில் மிச்சம் இல்லை.

ஆக, இருக்கிற மரையையும் எடுத்துவிட வேண்டும். நான் நின்று கவனித்த வேலை இதுதான்.

முதலில் சிலிண்டர்களில் துணி அடைத்தார், தண்ணீர் வழிகளிலும் துணி. பக்கத்து இரண்டு துளைகளில் நல்ல போல்ட்டுகளால் ஒரு கனமான எஃகுத் தகட்டைப் பிளாக்கின் மேல் இறுக்கினார். அந்தத் தகட்டில் கெட்ட துளைக்கு நேர் மேலே புஷ் பொருத்திய ஓர் ஓட்டை. தானே கடைசலில் செய்தது. டிரில் பிட் அந்த ஓட்டை வழியாகத்தான் இறங்க முடியும், கை நடுங்கினாலும் சாயாது. பிட்டின் மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு. அதற்குக் கீழே போனால் தண்ணீர் அறையின் சுவர். டிரில்லை மெதுவாக ஓட்டினார். வார்ப்பிரும்பு எஃகைப் போலச் சுருள் சுருளாக வராது. உள்ளே கிராஃபைட் இருப்பதால் கறுப்பு மாவாக உதிரும், எண்ணெய்கூடத் தேவையில்லை. வேலை முடிந்து துளையை நோக்கினால் மரையின் சுவடே இல்லை, மழமழவென்று சுவர். இத்தனை நேரம் சரிசெய்கிறார் என்று நின்ற தவுக்கேயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இருந்ததும் போய்விட்டது.

பிறகு மரை வெட்டும் டேப். சாதாரண டேப் அல்ல. அதே 20 மரை, ஆனால் பருமன் கூடியது. பிடியில் மாட்டி, மூலைமட்டத்தை இரண்டு பக்கம் வைத்துச் செங்குத்து பார்த்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. மாவு சேரும்போதெல்லாம் வெளியே எடுத்துத் துடைத்தார். டேப் உடைந்து துளைக்குள் மாட்டிக்கொண்டால் அது கடினமான எஃகு, சாதாரண டிரில் அதைத் தொடாது. அதனால் இந்த இடத்தில் பட்டறையில் பேச்சு கிடையாது. வங்காளதேசத்திலிருந்து வந்து அவரிடம் தொழில் கற்கும் இளைஞன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாவை அவன்தான் ஊதப் போனான். “ஊதாதே, கண்ணுல போகும்” என்று மலாயில் அதட்டி, காந்தக் குச்சியால் எடுக்கச் சொன்னார்.

கடைசியாகச் சுருள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, குறுக்கு வெட்டில் சாய்சதுரம், ஸ்பிரிங் போலச் சுற்றியது. இந்த யோசனை 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வந்தது. விமான எஞ்சின்களின் மெத்தென்ற அலுமினியத்தில் மரை நிற்காமல் போனபோது. ஹெலிகாயில் என்பது கடைப்பெயர், இன்று பட்டறைப் பெயர். சுருளைக் கருவியில் மாட்டி அழுத்திச் சுற்றினால் அது கொஞ்சம் ஒடுங்கி உள்ளே இறங்கும்; விட்டதும் விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். பிளாக்கின் மேல்முகத்துக்குக் கீழே ஒரு மரை அளவாவது இறக்கி நிறுத்த வேண்டும். மேலாக நின்றால் போல்ட் இறுகும்போது மேல் மரை பிதுங்கி மேடாகும், அந்த மேட்டில் கேஸ்கெட் உட்காராது. அடியில் இருக்கும் சிறு கொக்கியை ஒரு தட்டுத் தட்டி ஒடித்து, காந்தத்தால் எடுத்துவிட்டார். சுருளின் உள்பக்கம் இப்போது சரியான அரை அங்குலம், 20 மரை. அசல் போல்ட்டை விரலால் இறக்கி ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

பழுது பார்த்த துளை அசலைவிடப் பலமாக இருக்கும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. காரணம் எளிது. கம்பி வார்ப்பிரும்பைவிடக் கடினம். வெளிச்சுற்றில் பருமன் கூடியதால் பிளாக்கைப் பிடிக்கிற பரப்பும் கூடுகிறது. சாதாரண மரையில் சுமையின் மூன்றில் ஒரு பங்கை முதல் மரை மட்டுமே தாங்கும், பின்னால் உள்ளவை பெயருக்கு இருக்கும்; சுருள் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் சுமை கீழ் மரைகளுக்கும் பரவுகிறது. ஆனால் இந்தப் பலம் அந்த மழமழச் சுவரைக் கடந்துதான் வருகிறது. கொஞ்சம் மரையை வைத்துக்கொண்டு சுருளைப் போட முடியாது. எனக்கு அந்த இடம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. சேதத்தைக் குறைத்துக்கொண்டு போவதுதான் பழுதுபார்ப்பது என்று நாம் எண்ணியிருக்கிறோம். இங்கே சேதத்தைக் கணக்காக, நேராக, தெரிந்த ஆழம் வரை பெரிதாக்குகிறார் ஒருவர். பார்ப்பவனுக்கு அது அழிப்பாகவே தெரியும். அந்த அரை மணி நேரம் தவுக்கே நம்பியது வேலையை அல்ல, ஆளை.

பல் மருத்துவரிடம் போனவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன். சொத்தைப் பல்லில் நல்ல பகுதியையும் கொஞ்சம் குடைந்துதானே அடைக்கிறார்கள். ஆனால் அடைத்த பல்லை நாக்கு தடவிப் பார்க்கும். இந்தத் துளையை மூடியபின் யாரும் தொட முடியாது. ஹெட் உட்கார்ந்ததும் சரியாகச் செய்ததும் செப்புக் கம்பி திணித்ததும் வெளியே ஒரே மாதிரி. வேலை நல்லதா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், என்றோ ஒருநாள் இதை மறுபடி திறக்கப்போகிற இன்னொரு மெக்கானிக். இந்தப் பிளாக்கிலேயே முன்னால் திறந்தவர்களின் கையெழுத்துகள் இருந்தன. ஒருவர் மேல்முகத்தை அரத்தால் இழுத்திருந்தார், கோடுகள் சாய்ந்து கிடந்தன. சோம்பல் அல்லது அவசரம். ஒருவர் இன்னொரு துளையின் வாயை அழகாகச் சரித்துவிட்டிருந்தார், மேல் மரை பிதுங்காமல் இருக்க. அதைக் கண்டதும் போமன், “இது தெரிஞ்ச கை” என்றார். அவ்வளவுதான் பாராட்டு. தானும் ஒரு குறி வைத்தார். சென்டர் பஞ்சால் பிளாக்கின் பக்கவாட்டில், அந்தத் துளைக்கு நேர் கீழே, ஒரு புள்ளி. இங்கே சுருள் இருக்கிறது, மறுபடி குடையாதே என்று பொருள். எல்லாப் பட்டறைக்கும் இந்தக் குறி தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, ஆனால் புள்ளியைப் பார்த்தால் நின்று யோசிப்பான் என்றார்.

இறுக்குவதை நடுவிலிருந்து வெளியாக, மூன்று தடவையாகச் செய்தார். கடைசிச் சுற்றில் எல்லாம் 65-இல் க்ளிக் என்றன. சூடாக்கி ஆறவிட்டு மறுபடி ஒரு முறை இறுக்க வேண்டும், காலையில் வாருங்கள் என்றார். அன்றிரவு மரக்கறியைப் பக்கத்துத் தோட்டக்காரரின் காடி இறக்கியது.

இந்த வேலை இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்பவர்கள் உண்டு. தேயிலைத் தோட்டத்திலேயே இலை பறிக்கும் கைகள் மாறிவிட்டன. தமிழ்க் குடும்பங்கள் இறங்கிப்போன லயங்களில் நேபாளமும் வங்காளதேசமும் இந்தோனேசியாவும் குடியிருக்கின்றன, கத்தரி இயந்திரம் வந்துவிட்டது. லேண்ட்ரோவரும் போகும். சாலையில் ஹைலக்ஸ்கள் கூடிவிட்டன. ஆனால் மரை கெடுவது குறையப்போவதில்லை. புது எஞ்சின்களில் அலுமினியம் அதிகம், வார்ப்பிரும்பைவிட மென்மை. பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டை ஒரு முறுக்குக்குப் பின் இத்தனை டிகிரி என்று திருப்பி, அது நிரந்தரமாக நீளும் அளவுக்கு இழுக்கச் சொல்கிறார்கள். அந்தப் போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. திரும்பப் போடுகிறார்கள். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியாக வரவழைக்கும் சுருள் பெட்டிகளில் மெட்ரிக் அளவுகள்தான் இப்போது வேகமாகத் தீர்வதாக போமன் சொன்னார்.

காலையில் பில் எழுதினார். ஹெட் கேஸ்கெட் ஒரு வரி. அடுத்த வரியில் ‘மரை 1’. தவுக்கே அந்த இரண்டாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு இது என்ன என்றார். கேஸ்கெட் என்றால் கிழிந்த பழையதைக் கையில் கொடுக்கலாம். மரைக்கு எதைக் காட்டுவது? போமன் தட்டிலிருந்து அந்தப் பன்னிரண்டு மில்லி போல்ட்டை எடுத்து அவர் கையில் வைத்து, எங்கே இருந்தது, என்ன செய்தது என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். தவுக்கே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரை ஒன்றும் மழுங்கவில்லை, துருவும் இல்லை. எஃகு போல்ட்டுக்கு வார்ப்பிரும்பால் என்ன ஆகிவிடும். காசைக் கொடுத்தார். போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மருந்தடிக்கிற பம்பின் ஸ்டாண்டில் ஒன்று குறைகிறதாம், அளவு சரியாக இருக்கும் போலத் தெரிகிறது என்றார்.